காற்றுத் தீனியிலிருந்து குதிமுள் வரை

ஏமன் பச்சோந்தியின் குஞ்சு முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது வாலையும் சேர்த்து ஆறேழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். உடம்பு வெளிர்பச்சை. அதன் பின்னங்காலைப் பின்பக்கமிருந்து பார்த்தால், விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரியும் இடத்துக்கு மேலே குதிகாலில் சில குஞ்சுகளுக்கு மட்டும் குண்டூசித் தலை அளவில் ஒரு புடைப்பு துருத்திக்கொண்டிருக்கும். புடைப்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். வளர வளர அது முள்போல நீளும் என்பதால் அதைக் குதிமுள் எனலாம். பிறந்த அன்றைக்கே பால் பிரித்துச் சொல்ல இப்படி ஓர் அடையாளம் பச்சோந்தி இனங்கள் எல்லாவற்றுக்கும் கிடையாது.

வளர்ப்பவர்கள் இந்தக் குதிமுள்ளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் அண்மைக் காலத்தது. பச்சோந்தியை மனிதர் பிடித்துவந்து அருகில் வைத்துப் பார்த்த வரலாறோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த நெடுங்காலத்தில் குஞ்சு என்று ஒன்று வளர்ப்பவர் கைக்கு வந்ததே அபூர்வம். பிடித்துவந்த பெரிய பச்சோந்தி சில மாதம் இருக்கும், செத்துப்போகும், இன்னொன்றைப் பிடித்து வருவார்கள். வளர்ப்பு என்ற பெயரில் நடந்தது இவ்வளவுதான்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் பச்சோந்திக்கென்று தனியே ஒரு பகுதி ஒதுக்கினார். இரு கண்களும் தனித்தனியே சுழல்வதையும், உடம்பு காற்றை இழுத்து உப்பும்போது நிறம் மாறுவதையும், நீளவாக்கில் அறுத்த பின்னும் வெகுநேரம் மூச்சு ஓடுவதையும் எழுதிவைத்தார். கிரேக்கத்தில் அதன் பெயருக்குத் தரைச் சிங்கம் என்று பொருள். மரத்தை விட்டு இறங்க விரும்பாத பிராணிக்கு இது பொருந்தாத பெயர்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, உண்ணாமலும் குடிக்காமலும் காற்றை மட்டுமே உட்கொண்டு வாழும் ஒரே விலங்கு பச்சோந்தி என்று எழுதினார். அவர் போட்ட இந்த முடிச்சை அவிழ்க்க ஐரோப்பாவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவு காலம் ஒரு தவறு நிலைத்திருந்ததற்குக் காரணம் பச்சோந்தியின் உடம்பிலேயே இருக்கிறது. ஊர்வன தம் உடல்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. ஆகவே அவற்றுக்குத் தேவைப்படும் தீனி மிகக் குறைவு. கொழுத்த பச்சோந்தி ஒன்று வாரக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் கிளையைப் பிடித்தபடி கண்ணை உருட்டிக்கொண்டுதான் இருக்கும். தின்னும்போதும் அது பிறர் பார்க்கத் தின்பதில்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிராணியின் நாக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு ஈயோடு திரும்பிவிடும். பொறுமையாக உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு அது எதையும் தின்னாத பிராணிதான். மெல்லச் சாகிற பிராணி தன்னை வளர்ப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும். நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று போய்விட்டது என்று அவர் சொல்வார். அது பல வாரங்களாகச் செத்துக்கொண்டிருந்திருக்கும்.

1646இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் பிரவுன், மக்களிடையே வழங்கும் தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த தம் நூலில் காற்றுத் தீனிக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்தார். அவருடைய வாதம் நேரானது. நாக்கும் இரைப்பையும் குடலும் இருக்கிற விலங்குக்குச் சாப்பாடு இல்லையென்றால் அந்த உறுப்புகள் எதற்கு? எகிப்துப் பக்கம் சுற்றிவந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் பெலோன், பச்சோந்தி பூச்சி தின்னும் என்று அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே எழுதியிருந்ததையும் அவர் துணைக்கு அழைத்தார். 1668இல் எகிப்திலிருந்து பாரிசுக்கு ஒரு பச்சோந்தி உயிரோடு வந்துசேர்ந்தது. கட்டடக் கலைஞராகவும் மருத்துவராகவும் இருந்த குளோத் பெரோ அறிவியல் கழகத்தாருடன் அதை உயிரோடு இருக்கையில் கவனித்து, செத்த பின் அறுத்துப் பார்த்து, 1669இல் நீர்நாய் போலத் தோன்றும் பீவர், ஒட்டகம், கரடி ஆகியவற்றின் உடற்கூற்றோடு சேர்த்து வெளியிட்டார்.

அதே பாரிசில் நாவலாசிரியை மதலேன் தெ ஸ்குதெரிக்கு 1672இல் அலெக்சாந்திரியாவிலிருந்து பச்சோந்திகள் வந்தன. அவர் அவற்றை ஆய்வுப் பொருளாகக் கருதவில்லை. வீட்டில் வைத்துச் சீராட்டினார், குளிருக்குப் பயந்து காத்தார். அவற்றின் வரலாற்றையே எழுதி 1688இல் அச்சிட்டார். பெரோவின் முடிவுகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அறுத்துப் பார்த்தவருக்கும் மடியில் வைத்துப் பார்த்தவருக்கும் நடந்த அந்தச் சண்டையில் உடற்கூறு பெரோ பக்கம் இருந்தது. ஆனால் பச்சோந்திக்குச் சூடு வேண்டும், பரிவு வேண்டும், அதன் போக்கை நாள்தோறும் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்கிற வளர்ப்புக் கலையின் முதல் பாடம் ஸ்குதெரி பக்கமே இருந்தது.

தண்ணீர் விஷயம் இதைவிடத் தாமதமாகவே புரிந்தது. பச்சோந்தி தேங்கிய நீரைத் தண்ணீர் என்றே அறிவதில்லை. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிப்பதுதான் அதன் வழக்கம். கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, அது குடிப்பதில்லை என்று குறித்துவைத்தவர்கள் எத்தனையோ பேர். பிளினி சொன்னதன் பாதி இப்படித்தான் மெய்போலத் தோன்றியிருக்க வேண்டும். கூண்டில் செத்த பச்சோந்திகளில் பசியைவிடத் தாகத்தால் செத்தவையே அதிகமாக இருந்திருக்கும்.

இந்தியாவிலும் இலங்கையின் உலர் பகுதியிலும் வாழும் பச்சோந்திக்கு வியன்னாவைச் சேர்ந்த லாரென்ட்டி 1768இல் சைலானிகஸ் என்று சிலோனை ஒட்டிப் பெயரிட்டார். தமிழில் அது பச்சை ஓந்தி. ஓந்தி என்பது ஓணானுக்கு வழங்கும் பழம்பெயர். தமிழ்நாட்டில் பலரும் பச்சோந்தி என்று காட்டுவது பெரும்பாலும் வேலியில் தலையாட்டும் ஓணானைத்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவப்பதைப் பார்த்து, நிறம் மாறுவதால் இதுவே பச்சோந்தி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மைப் பச்சோந்தி கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைக்க நாலு முறை முன்னும் பின்னும் ஆடுகிற பிராணி. கண்ணில் படுவதே அரிது.

இந்தப் பச்சோந்தியை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பூலெஞ்சர் 1890இல் பிரிட்டிஷ் இந்திய ஊர்வன நூலில் கால்காரேட்டஸ் என்ற பெயரில் சேர்த்தார். லத்தீனில் அதற்கு முள்ளுள்ளது என்று பொருள். ஆணின் குதிகாலில் இருக்கும் முள்ளைத்தான் அந்தப் பெயர் குறித்தது. ஆக, குதிமுள் அறிவியலுக்குப் புதியதல்ல. ஆனால் அருங்காட்சியகத்துக்காரர்களுக்கு அது சாராய ஜாடியில் மிதக்கும் உடல்களை இனம் பிரிக்க உதவும் ஓர் அடையாளம். உயிருள்ள குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இது ஆணா பெண்ணா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய்ப்பு வரவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மனியில் கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வைத்துப் பல்லி, தவளை வளர்ப்பது நடுத்தரக் குடும்பங்களின் பொழுதுபோக்காகப் பரவியது. யோஹன் ஃபான் ஃபிஷர் 1884இல் எழுதிய தடித்த நூல் அந்தக் கலைக்கு நீண்டகாலம் வழிகாட்டியாக இருந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் ஸ்பெயினிலிருந்தும் சாதாரணப் பச்சோந்திகள் கப்பலில் வந்தன. வட ஐரோப்பிய வீடுகளில் ஜன்னலோரச் செடியில் அவற்றை விட்டு ஈ பிடிக்கவைத்தார்கள். கோடையில் ஈ இருந்தது, வெயில் இருந்தது. குளிர்காலம் வந்ததும் இரண்டும் போயின, கூடவே பச்சோந்தியும் போனது. அடுத்த வசந்தத்தில் புதிதாக வாங்கிக்கொண்டார்கள். வியன்னாவில் எர்ன்ஸ்ட் புரூக்கே 1852இல் தோலின் நிறமாற்றத்தை ஆராய்ந்தது ஆப்பிரிக்கப் பச்சோந்திகளைக் கொண்டுதான். அமெரிக்காவில் பச்சோந்தி என்ற பெயரில் விற்றது அனோல் என்ற வேறொரு சிறு பல்லி. அதன் கழுத்தில் மெல்லிய சங்கிலி கட்டிச் சட்டையில் குத்திக்கொள்ளும் கோமாளித்தனம்கூட அங்கே சிறிது காலம் நாகரிகமாக இருந்தது. சர்க்கஸ் வாசல்களில் அந்தப் பல்லி 20ஆம் நூற்றாண்டிலும் விலைபோனது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. மாற்றம் வந்தது கென்யாவிலிருந்து. மலைக்காடுகளில் வாழும் ஜாக்சன் பச்சோந்திக்கு பூலெஞ்சர் 1896இல் பெயரிட்டிருந்தார். பிற்காலத்தில் உகாண்டாவின் ஆளுநரான ஃபிரெடரிக் ஜாக்சனின் பெயர் அது. ஆணின் முகத்தில் மூன்று கொம்பு முன்னோக்கி நிற்கும். பார்த்தவர் ஒருமுறையாவது வாங்கத் துடிக்கும் தோற்றம். இன்னொரு சிறப்பு, இது முட்டையிடுவதில்லை. ஐந்தாறு மாதமோ அதற்கு மேலோ சுமந்து, கிளையில் நடந்தபடியே குட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டும் சவ்வுப் பையோடு உதிர்த்துவிட்டுப் போகும். சவ்வைக் கிழித்துக்கொண்டு குட்டி உடனே நடக்கத் தொடங்கும்.

1972இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் ஓவாஹூவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரருக்குச் சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகள் கென்யாவிலிருந்து வந்தன. பயணத்தில் நீரின்றி வாடி, எலும்பும் தோலுமாக வந்திருந்தன. கூண்டில் வைத்தால் பிழைக்காது, கொஞ்ச நாள் தோட்டத்தில் விட்டால் தேறும் என்று அவர் வீட்டுக் கொல்லையில் அவிழ்த்துவிட்டார். அவை நன்றாகவே தேறின. ஈரமான மலைச்சரிவு, பனித்துளி, பூச்சி, மிதமான வெயில் என எல்லாம் கென்ய மலைபோலவே இருந்தது. சில ஆண்டுகளில் சுற்றுவட்டக் காடுகளில் குட்டிகள் தென்பட்டன, பின்னர் மற்றத் தீவுகளுக்கும் பரவின. 1981இல் கென்யா ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, அமெரிக்கக் கடைகளுக்கு ஜாக்சன் பச்சோந்தி வந்த முக்கிய வழிகளில் ஒன்று ஹவாயின் அந்தக் கொல்லை வாரிசுகள்தான். கூண்டுக்குள் பச்சோந்தியை உயிரோடு வைத்திருக்கத் தெரியாத காலத்தில், அதற்கு வேண்டியது என்ன என்பதை ஒரு கொல்லைப்புறம் செய்து காட்டியது. பாடத்தைப் படித்தவர்கள் குறைவு, பச்சோந்தியைப் பிடித்து விற்றவர்கள் அதிகம்.

ஜாக்சன் பச்சோந்தியின் குட்டிகள் வளர்ப்பவர் வீடுகளில் ஓரளவு எண்ணிக்கையில் பிறந்த முதல் பச்சோந்திகளில் அடங்கும். கர்ப்பமாகப் பிடிபட்ட தாய் கூண்டில் ஈன்றுவிடும். பிறந்த குட்டிகள் அநேகமாக எல்லாம் சில வாரத்தில் செத்துப்போகும். பெரிய பச்சோந்தியின் பொறுமை குட்டிக்குக் கிடையாது. ஒரு கிராம் உடம்பில் சேமிப்பு ஏது? ஒரு நாள் தண்ணீர் தவறினால் கண் குழியும், இரண்டு நாளில் கதை முடியும். இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிய பச்சோந்தி மறைத்துவைத்த தவறுகளைக் குட்டி ஒரே வாரத்தில் அம்பலப்படுத்தியது. வளர்ப்பு அறிவு உண்மையில் வளரத் தொடங்கியது குட்டிகள் சாகத் தொடங்கிய பிறகே.

முதலில் பிடிபட்டது எலும்பு நோய். தாடை ரப்பர்போல் வளையும், முன்கால் வில்லாகக் கோணும், நாக்கை எறியத் தெம்பிராது. மனிதக் குழந்தைகளின் ரிக்கெட்ஸ்தான் இது. பெர்லின் மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919இலேயே பாதரச விளக்கின் புற ஊதாக் கதிரைக் காட்டி குழந்தைகளின் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியிருந்தார். தோலில் கதிர் பட்டால் வைட்டமின் டி உண்டாகும், அது இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். இது மருத்துவமனைக்குத் தெரிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகே பல்லி வளர்ப்பவர் வீட்டுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைத்தால் போதும் என்று நம்பியவர்கள் ஏராளம். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊர்வனவுக்கென்றே செய்த புற ஊதாக் குழல்விளக்குகள் 1990களில்தான் கடைகளில் பரவலாகக் கிடைத்தன.

டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபெர்குசனும் உடன் உழைத்தவர்களும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை வைத்து இதை முறையாகச் சோதித்தார்கள். 1996இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, வைட்டமின் ஏ, வைட்டமின் டி, புற ஊதாக் கதிர் மூன்றும் குட்டியின் வளர்ச்சியையும் நோயையும் எப்படித் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. தாய்க்குப் போதிய கதிர் கிடைக்காவிட்டால் முட்டைக்குள் கரு வளர்ந்தும் குஞ்சு பொரிக்காமல் போகும் என்பதும் அவர்களுடைய தொடர் ஆய்வுகளில் தெரிந்தது. குட்டியைக் காப்பாற்றும் வேலை தாயின் கூண்டிலிருந்தே தொடங்குகிறது. 2009இல் வெளியான இன்னோர் ஆய்வின்படி, சிறுத்தைப் பச்சோந்தி தன் உடம்பில் வைட்டமின் டி குறைந்தால் வெளிச்சத்துக்கு அதிகம் வந்து நிற்கும், கூடினால் ஒதுங்கும். கூண்டில் வெயிலும் நிழலும் இரண்டும் வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். முழுக்க வெளிச்சத்தில் முக்கிவைத்த கூண்டு அதற்குத் தண்டனை.

சட்டமும் ஒரு கை கொடுத்தது. அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1977இல் பெரும்பாலான பச்சோந்திகள் அதன் இரண்டாம் பட்டியலில் ஏறின. 1990களின் நடுவில் மடகாஸ்கரிலிருந்து நான்கு இனங்கள் தவிர மற்றப் பச்சோந்திகளின் வணிகத்தை நிறுத்தும்படி உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரை போனது. அனுமதிக்கப்பட்ட நான்கில் சிறுத்தைப் பச்சோந்தியும் ஒன்று. காட்டிலிருந்து அள்ளும் வழி அடைபட அடைபட, கூண்டில் பிறந்த குஞ்சுக்கு மதிப்பு ஏறியது.

அந்த இடத்தைப் பிடித்ததுதான் ஏமன் பச்சோந்தி. 1851இல் பாரிசில் பெயரிடப்பட்டு நூறாண்டுக்கு மேல் அருங்காட்சியகத்தோடு முடங்கிக்கிடந்தது. ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் மலைச்சரிவுகளில், பள்ளத்தாக்குகளில் வாழ்கிறது. இரவில் குளிர், பகலில் கொதிக்கும் வெயில், மாதக்கணக்கில் வறட்சி எல்லாவற்றையும் தாங்கும் உடம்பு. தேவைப்பட்டால் இலையையும் தின்னும். ஆணின் தலையில் மீன் துடுப்புபோல் எழும் கொண்டை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பிய வளர்ப்பவர்களிடையே இது வேகமாகப் பரவியது. ஒரு பெண் ஒரே ஈட்டில் 30 முதல் 80 வரையும் அதற்கு மேலும் முட்டையிடும், ஆண்டில் இரண்டு மூன்று ஈடு போடும். குஞ்சு நாலைந்து மாதத்தில் பருவம் அடைந்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு சோடி பச்சோந்தி ஒரு ஊரின் கடைகளையே நிரப்பிவிடும், நிரப்பவும் செய்தது.

முட்டை பொரிப்பதிலும் பழைய அனுபவம் உதவவில்லை. கோழி முட்டைபோல் சூடு காட்டினால் வேகமாகப் பொரிக்கும் என்று எண்ணியவர்கள் முட்டையைக் கெடுத்தார்கள். ஏமன் பச்சோந்தி முட்டையிடும்போது உள்ளே கரு இன்னும் உறுப்பெதுவும் உருவாகாத தொடக்க நிலையில்தான் இருக்கும். அதன்பின்பும் இரண்டு மாதத்துக்கு மேல் வளராமல் உறங்கும். 26–28 பாகை செல்சியஸ் சூட்டில் ஆறேழு மாதம் ஈரப்பதத்தோடு விட்டுவைத்தால் பொரிக்கும். சிறுத்தைப் பச்சோந்தி முட்டைக்கு இடையில் ஒரு குளிர்காலமே காட்டவேண்டியிருந்தது. மடகாஸ்கரின் வறண்ட குளிர்ப்பருவத்தை மண்ணுக்குள் கழிக்கும் முட்டை அது.

இப்படிப் பொரித்த குஞ்சுகள் ஐம்பதும் அறுபதுமாகக் கடைக்கு வந்தபோதுதான் ஆணா பெண்ணா என்ற கேள்வி முதன்முதலாகப் பெரிதாக எழுந்தது. கொண்டை பெரிதாக, பட்டை பளிச்சென்று இருக்கும் ஆணுக்கே கிராக்கி. ஏமன் பச்சோந்தியில் குதிமுள் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொன்னது. குஞ்சைக் கையில் பிடித்துப் புரட்டவேண்டிய தேவையும் இல்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளையில் விட்டு அது சுவரில் ஏறும்போது பின்னங்காலைப் பார்த்தால் போதும். முதல் சில நாளில் முள் வெண்மையான பொட்டுபோல் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். நகத்தையோ தோல் மடிப்பையோ முள் என்று எண்ணித் தவறுவதும் உண்டு. இரண்டு காலையும் பார்ப்பது வழக்கமானது அதனால்தான்.

மற்ற இனங்கள் இவ்வளவு தாராளமாக இல்லை. சிறுத்தைப் பச்சோந்திக்குக் குதிமுள் கிடையாது. குஞ்சுகள் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. மூன்று நான்கு மாதத்தில் ஆணின் வாலடி இருபுறமும் பருக்கத் தொடங்கும். உள்ளே மடங்கியிருக்கும் இரட்டை ஆண் உறுப்புகளால் வரும் பருமன் அது. பெண்ணின் வால் உடம்பிலிருந்து சட்டென ஒடுங்கிவிடும். அதன்பின் ஆணிடம் நீலமும் பச்சையும் எட்டிப்பார்க்கும், பெண் இளஞ்சிவப்பும் மணல் நிறமுமாக நின்றுவிடும். அதற்கு முன் விற்பவர் சொல்லும் பால் வெறும் ஊகம். ஆண் என்று வாங்கிய பச்சோந்தி ஓராண்டு கழித்து முட்டையிட்ட சம்பவம் இந்த வளர்ப்பில் புதிதல்ல. ஜாக்சன் பச்சோந்தியில் கொம்பை எண்ணினால் தெரியும் என்பார்கள். ஹவாயில் பரவிய கிளையினத்தில் அது சரி, ஆணுக்கு மூன்று கொம்பு, பெண்ணுக்குப் பொதுவாக இல்லை. வேறு கிளையினத்தில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கிளையினம் தெரியாமல் கொம்பை எண்ணுவது வீண்.

பால் எப்படித் தீர்மானமாகிறது என்பதிலும் ஒரு வதந்தி நீண்டகாலம் உலவியது. ஆமை, முதலைபோல் முட்டை அடைகாக்கும் சூட்டைக் கூட்டிக் குறைத்தால் ஏமன் பச்சோந்தியில் ஆண் குஞ்சாகவே வரவைக்கலாம் என்று வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆணுக்கு விலை கூடுதல் என்பதை நினைத்தால் ஆசை புரிகிறது. 2005இல் ஆய்வாளர் ராபின் ஆண்ட்ரூஸ் வெவ்வேறு சூட்டில் முட்டைகளைப் பொரிக்கவைத்து, சூட்டுக்கும் பாலுக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு, மனிதரைப்போலவே ஏமன் பச்சோந்தியிலும் எக்ஸ்-ஒய் முறையில் பால் அமைகிறது என்றது. சிறுத்தைப் பச்சோந்தி நேர்மாறு. அங்கே கோழியைப்போலப் பெண்ணிடமே வேறுபட்ட குரோமோசோம் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி.

பாலை முன்கூட்டி அறிவது விலைக்காக மட்டுமில்லை. பெண் ஏமன் பச்சோந்தி ஆணைப் பார்க்காமலே முட்டை போடும். குஞ்சுப் பருவத்தில் தீனியும் சூடும் தாராளமாகக் கிடைத்த பெண், ஒரு வயதுக்குள்ளேயே அளவுமீறிய ஈட்டைச் சுமக்கும். தோண்ட ஈரமணல் கிடைக்காவிட்டால் முட்டையை இறக்காமல் வயிற்றில் வைத்துக்கொண்டு சாகும். ஆணுக்கு நல்லது என்று கருதப்பட்ட நிறைந்த தீனியே பெண்ணுக்கு எமன். ஆகவே பருவம் நெருங்கும் பெண்ணுக்குத் தீனியைக் குறைத்து, வெயில் விளக்கின் சூட்டைத் தணித்து, முழங்கை ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டியைத் தயாராக வைக்கும் வழக்கம் உருவானது. பிறந்த அன்றே பார்த்த அந்தப் புடைப்பு, அல்லது அது இல்லாமை, பச்சோந்தியின் ஆயுளையே இப்படி வகுத்துவிடுகிறது.

குஞ்சுக்குத் தீனி கண்டுபிடித்த கதை இன்னும் சுவையானது. குஞ்சின் இரு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக்கூடாது என்பது அனுபவ விதி. அவ்வளவு சின்னப் பூச்சியை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் எங்கே தேடுவது? விடை மரபியல் ஆய்வகத்திலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் கூட்டம் பழ ஈயைப் பால் போத்தல்களில் வளர்த்து மரபணுவை ஆராய்ந்தபோது, இறக்கை சுருங்கிப் பறக்கமுடியாத ஒரு வகை தோன்றியது. பறக்காத ஈ ஆய்வாளருக்கு ஒரு பாடம், பச்சோந்திக் குஞ்சுக்கு ஒரு வேளைச் சோறு. இலையில் ஏறி நடக்கும் அந்த ஈயைக் குஞ்சு குறிபார்த்துப் பழகும். சுவர்க்கோழிப் பண்ணையும் பச்சோந்திக்காகத் தோன்றியதில்லை. அமெரிக்காவில் 1940களில் தூண்டில் இரைக்காகத் தொடங்கியது அது. பொரித்து ஓரிரு நாளான சுவர்க்கோழிக் குஞ்சுகள் பழ ஈக்கு அடுத்த படி.

தூளாக்கிய கால்சியத்தைப் பூச்சிமேல் தூவிக் கொடுப்பார்கள். பூச்சிக்கும் முன்னதாகக் கீரையும் காயும் தின்னக் கொடுத்து வைப்பார்கள், ஏனெனில் வெறும் வயிற்றுப் பூச்சி வெறும் தோல்தான். வைட்டமின் டி தூளை நாள்தோறும் அள்ளித் தூவுபவர்கள் எதிர்ப்பக்கம் தவறினார்கள். மிஞ்சிய வைட்டமின் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியத்தைப் படியவைக்கும். தண்ணீருக்கு இலைமேல் நுண்துளியாகத் தெளிப்பதே வழி. காலையில் விளக்கு எரிவதற்குச் சற்று முன் தெளித்தால் இலைநுனியில் துளி நிற்கும், குஞ்சு தலையைச் சாய்த்து நக்கும். பிறகு கூண்டு காயவேண்டும், எந்நேரமும் ஈரமாயிருந்தால் நுரையீரல் நோய் வரும். குஞ்சுக்கு வெயில் விளக்கின்கீழ் 29–30 பாகைக்கு மேல் வேண்டாம். ஒரு கிராம் உடம்பு சில நிமிடத்தில் சூடேறி வெந்துவிடும். நெடுநேரம் வாயைத் திறந்து வெளிறிப்போய் நிற்பது அதற்கு அறிகுறி. சூடும் ஈரமும் அடைபடும் கண்ணாடித் தொட்டியிலிருந்து, காற்று புகும் வலைக்கூண்டுக்கு வளர்ப்பவர்கள் மாறியதும் இதே காலத்தில்தான்.

குஞ்சுகளைத் தனித்தனியே பிரிப்பதா, சேர்த்து வைப்பதா என்பதில் கருத்து இரண்டாகவே இருந்தது. பெரியவை ஒன்றையொன்று பார்த்தாலே கறுத்துச் சீறும். ஆகவே பிறந்த நாள் முதல் தனிக்கூண்டு என்றார்கள் சிலர். 2014இல் சிஸ்ஸி பாலனும் சக ஆய்வாளர்களும் ஏமன் பச்சோந்திக் குஞ்சுகளைத் தனியாகவும் கூட்டமாகவும் வளர்த்து ஒப்பிட்டார்கள். தனியாக வளர்ந்தவை மற்றொன்றைக் கண்டதும் அடங்கிப்போயின, நிறம் மங்கின, இரை பிடிப்பதிலும் பின்தங்கின. இரண்டு மூன்று மாதம் வரை ஒன்றாக வைத்து, தின்று தடித்தவை சின்னவற்றைத் துரத்தத் தொடங்கும்போது பிரிப்பது என்ற பழைய நடைமுறைக்கு இந்த முடிவு ஆதரவாக அமைந்தது. 2015இல் ஏமன் பச்சோந்தியை ஆய்வகத்தில் வளர்க்கும் முறை பற்றிய விரிவான வழிகாட்டி கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் வெளியீட்டில் வந்தது. அதற்குள் எலியும் வரிமீனும்போல இதுவும் கருவளர்ச்சி ஆய்வுக்கான விலங்காகிவிட்டிருந்தது. அதே ஆண்டு ஜெனீவாவில் மிஷேல் மிலின்கோவிச் குழுவினர் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலணுவில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று கண்டது, புரூக்கே விட்ட இடத்தைத் தொட்டுத் தொடர்ந்த வேலை.

எளிதாக வளரும் பிராணி எளிதாகத் தப்பும் பிராணியும்தான். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸ் பகுதியிலும் ஹவாயின் மாவியிலும் 2002இல் ஏமன் பச்சோந்தி காட்டுநிலையில் கண்டறியப்பட்டது. வறட்சியைத் தாங்கி, குளிரைத் தாங்கி, ஈட்டுக்கு அறுபது முட்டையிடும் உயிர் தீவுப் பூச்சிகளுக்கும் பறவைக் குஞ்சுகளுக்கும் ஆபத்து என்பதால் ஹவாய் அரசு அதைத் தேடிப் பிடித்து அகற்ற ஆட்களை அனுப்பியது.

இந்தியப் பச்சோந்தியைப் பொறுத்தவரை இந்த வளர்ப்பு வரலாறு பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களுக்குத் தனிவிதி. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி சைட்டிஸ் பட்டியல் இனங்களையும் உள்ளடக்கினார்கள். வைத்திருப்பவர் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். முருங்கையிலோ வேலிக்கருவையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் நம்மூர்ப் பச்சோந்தி மழைக்காலத்தை ஒட்டி மரத்தை விட்டிறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு மறுபடி ஏறிவிடும். மாதங்கள் கழித்து மண்ணைக் கீறி வரும் குஞ்சுகளில் ஆணெது பெண்ணெது என்று பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை.